கரையில் ஒரு காவல்

நுழையும் முன்

கடலைக் காக்க வேண்டும் என்னும் விருப்பம் சிறுவர் உள்ளத்தில் எளிதில் முளைக்கிறது. அவ்விருப்பம் ஓவியப் போட்டியோடும் முழக்கத் தொடரோடும் வாடிவிடலாம். ஆண்டுதோறும் தொடரும் ஒரு பணியாகவும் வளரலாம். சென்னைக் கடற்கரையில் கடலாமைகளுக்காக இரவில் கண்விழித்து நடக்கும் மாணவர்கள் இரண்டாம் வழியைத் தேர்ந்தவர்கள். அவர்கள் செய்வது என்ன, அதனால் காக்க முடிந்தது எது, காக்க முடியாதது எது என்பனவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நள்ளிரவில் ஒரு நடை

சனவரி முதல் ஏப்பிரல் வரையிலான திங்கள்களில் ஓர் இரவு. ஊர் உறங்கிய பின்னர், நீலாங்கரைக் கடற்கரையில் ஒரு சிறு கூட்டம் கூடுகிறது. கல்லூரி மாணவர்களும் பள்ளி மாணவர்களும் சில பெரியவர்களும் அதில் உள்ளனர். அங்கிருந்து பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை, ஏறத்தாழ 7 கி.மீ. தொலைவை அலையோரமாகவே நடந்து கடப்பது அவர்கள் வழக்கம். இதற்கு ‘ஆமை நடை’ என்று பெயர்.

இந்நடையில் முதன்முறையாகக் கலந்துகொள்ளும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். கைவிளக்கை எரியவிடக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, முன்னே செல்வோரைக் கடந்து ஓடக் கூடாது என்பன அவளுக்குச் சொல்லப்பட்ட விதிகள். ஆமையைப் பார்க்கும் ஆவலில் வந்தவள் அவள். ஒரு மணி நேரம் நடந்தும் ஆமை எதுவும் தென்படவில்லை. அவள் முதலில் கண்டது கரையில் ஒதுங்கிக் கிடந்த இறந்த ஆமை ஒன்றைத்தான். அகன்ற ஓடு அதற்கு. உடலில் பெரிய காயம் எதுவும் இல்லை.

“அண்ணா, இது எப்படி இறந்தது?” என்று கேட்கிறாள்.

“சொல்கிறேன். முதலில் உயிருள்ளதைத் தேடுவோம்” என்கிறார் வழிகாட்டும் மாணவர்.

மேலும் சிறிது தொலைவு சென்றதும் முன்னே சென்றவர் கையை உயர்த்துகிறார். அனைவரும் நிற்கின்றனர். ஈர மணலிலிருந்து உலர்மணல் நோக்கி, வண்டிச் சக்கரம் பதிந்ததுபோல ஒரு தடம் ஏறிச் செல்கிறது. சற்றுத் தள்ளி இன்னொரு தடம் கடலுக்கு இறங்குகிறது. ஆமை வந்து, முட்டையிட்டு, திரும்பிச் சென்றுவிட்டது. இரு தடங்களும் சந்திக்கும் இடத்தில் மணல் கலைந்திருக்கிறது. ஒருவர் மெல்லிய கோலால் மணலை அழுத்திப் பார்க்கிறார். இறுகிய மணலில் நின்ற கோல், ஓரிடத்தில் தடையின்றி உள்ளே இறங்குகிறது. அங்கே கைகளால் மணலை விலக்கினால், ஒன்றரை அடி ஆழத்துக்குள் வெள்ளை வெளேரென்று உருண்டையான முட்டைகள்.

அவ்விரவு முடிவதற்குள் சிறுமி நான்கு வினாக்களைக் கேட்கிறாள். தாய் ஏன் முட்டைகளை விட்டுச் சென்றது? முட்டைகளை இங்கேயே விட்டுவிட்டால் என்ன? குஞ்சுகளை ஏன் கையிலெடுத்துக் கடலில் விடக் கூடாது? இத்தனை பேர் காவல் இருந்தும் அந்தப் பெரிய ஆமை ஏன் இறந்தது? இந்நான்கு வினாக்களுக்கும் விடை தேடினால், கடல் காப்பு என்னும் பணியின் முழு உருவமும் நமக்குப் புலப்படும்.

பங்குனி ஆமை

சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வருவது ‘ஆலிவ் ரிட்லி’ என்னும் கடலாமை. பங்குனித் திங்களையொட்டிக் கரையேறுவதால் இதனைப் ‘பங்குனி ஆமை’ என்பர். கடலாமைகளுள் அளவில் சிறியவற்றுள் இதுவும் ஒன்று. வளர்ந்த ஆமையின் ஓடு இரண்டு அடிக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையது. நண்டு, இறால், சொறிமீன் போன்றவற்றை உண்டு வாழ்கிறது. ஒடிசாவின் கஹிர்மாதா, ருசிகுல்யா கடற்கரைகளில் இவ்வினத்தின் பெண் ஆமைகள் சில நாள்களுக்குள் இலட்சக்கணக்கில் கரையேறி முட்டையிடுகின்றன. தமிழகக் கரையிலோ அவை தனித்தனியாக வருகின்றன.

பெருங்கடலில் வாழும் இவ்வுயிரி நுரையீரலால் மூச்சுவிடுவது. முட்டைகளை மண்ணில் இடுவது. எனவே கடலுக்குரிய உயிரியாக இருந்தும் காற்றையும் கரையையும் விட்டு அதனால் வாழ முடியாது. இவ்விரண்டு உண்மைகளையும் நினைவில் கொள்ள வேண்டும். கடலாமைக்கு நேரும் துன்பங்களுட் பல இவற்றோடு தொடர்புடையவை.

கரையேறும் தாய் ஆமை ஓதம் எட்டாத இடத்தைத் தேர்ந்து, பின்துடுப்புகளால் குடுவை போன்ற குழியைத் தோண்டுகிறது. அதில் ஏறத்தாழ 100 முதல் 120 முட்டைகள் வரை இடுகிறது. பின்னர் மணலால் மூடி, உடலை இருபுறமும் மாற்றி மாற்றி அடித்து மணலை இறுக்குகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அப்போது அதன் கண்களிலிருந்து நீர் வழியும். பெற்ற பிள்ளைகளைப் பிரியும் துயரால் அது அழுவதாகப் பார்ப்போர் எண்ணுவர். உண்மையில், கடல்நீரோடு உட்சென்ற மிகுதியான உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. கடலிலும் அவ்வாறே அது நிகழ்கிறது. அங்கே நாம் அதைக் காண்பதில்லை.

முட்டையிட்ட தாய் மீண்டும் அக்குழியைத் தேடி வருவதில்லை. குஞ்சுகளைப் பேணி வளர்க்கும் பழக்கம் கடலாமைகளுக்கு இல்லை. நிறைய முட்டைகளை இட்டு, அவற்றுள் சிலவேனும் பிழைக்கட்டும் என்று விடுவதே அவ்வினம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கைக்கொண்ட வழி. சிறுமியின் முதல் வினாவுக்கு விடை இதுவே.

சங்கப் பாடலில் ஆமைக் காவல்

கடலாமை முட்டையிடும் காட்சி தமிழருக்குப் புதியதன்று. அகநானூற்றின் 160ஆம் பாடலில் குமுழிஞாழலார் நப்பசலையார் இக்காட்சியைப் பதிவு செய்துள்ளார். நிறைசூல் கொண்ட ஆமை அடும்பங்கொடி சிதைய மணல்மேட்டில் ஏறி, தந்தத்தால் செய்த வட்டுப் போன்ற முட்டைகளை இட்டு மறைத்து வைக்கிறது. குஞ்சுகள் வெளிவரும் வரை ஆண் ஆமை அவ்விடத்தைக் காத்து நிற்கிறது என்கிறார் புலவர். முட்டையின் உருண்டை வடிவம், அதன் புலால் மணம், அது புதைக்கப்படும் இடம் ஆகியவற்றை நேரில் கண்டவரால்தான் இவ்வாறு சொல்ல முடியும்.

குஞ்சைப் பாடல் ‘பார்ப்பு’ என்று குறிக்கிறது. பறப்பவற்றின் இளமைக்கு மட்டுமன்றித் தவழ்பவற்றின் இளமைக்கும் ‘பார்ப்பு’, ‘பிள்ளை’ என்னும் பெயர்கள் உரியன என்பது தொல்காப்பிய மரபியல் தரும் செய்தி. ஆமைக்குஞ்சைப் பிள்ளை என்று அழைக்க இடம் தந்த மொழி நம்முடையது.

ஆண் ஆமை காவல் இருக்கும் என்பது புலவரின் கற்பனை. இன்றைய அறிவியல் அதனை ஏற்பதில்லை. ஆண் ஆமை பொதுவாகக் கரைக்கே வருவதில்லை. எனினும், முட்டை பொரியும் வரை கானலில் யாரேனும் காவல் இருக்க வேண்டும் என்று அப்புலவரின் நெஞ்சம் விரும்பியது. அக்காவலைத்தான் இன்று மாணவர்கள் மேற்கொண்டுள்ளனர்.

மாணவர் ஏற்ற பணி

1970களின் தொடக்கத்தில் சென்னைக் கரையில் ஆமை முட்டைகள் உணவுக்காகத் தோண்டி எடுக்கப்பட்டன. நாய்களும் நரிகளும் எஞ்சியவற்றைத் தின்றன. அக்காலத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கத் தொடங்கினர். இந்தியாவில் கடலாமைக் காப்பு முயற்சிகளின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று.

அந்நண்பர்களுள் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் படிக்க வந்தவர். கடலின்மேல் கொண்ட ஈடுபாட்டால் கடலாமை ஆய்வையே வாழ்வாகக் கொண்டார். இந்தியக் கடற்கரைகளிலும் தீவுகளிலும் பல்லாயிரம் கி.மீ. நடந்து, எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்று குறிப்பெடுத்தார். 1982ஆம் ஆண்டு மழைக்காலத்தில், இலட்சத்தீவுகளில் ஆளில்லாத சுஹேலித் தீவில் பல திங்கள்கள் தனியே தங்கினார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய மடலைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, உரியவரிடம் சேர்ந்தது. இந்தியாவின் எந்தக் கரைகளைக் காக்க வேண்டும் என்பதை நாம் இன்று அறிந்திருப்பதில் அவருடைய நடைக்குப் பெரும்பங்கு உண்டு.

1980களில் தமிழ்நாடு வனத்துறை சென்னையில் முட்டைப் பொரிப்பகங்களை நடத்தியது. அம்முயற்சி நின்றபோது, 1988ஆம் ஆண்டில் மாணவர் சிலர் சேர்ந்து ‘மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு’ என்பதைத் தொடங்கினர். அவர்களிடம் நிதியோ அதிகாரமோ இல்லை. நடக்கக் கால்களும் விழித்திருக்க இளமையும் இருந்தன. படிப்பு முடிந்து ஒரு குழு விலகினால் அடுத்த குழு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் புதியவர்களைப் பழக்க வேண்டியிருந்தது. அமைப்பைத் தொடங்கிய மாணவர்களுள் ஒருவரான கார்த்திக் சங்கர், பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியரானார். இளமையில் நடந்த இரவுகள் ஒருவரின் வாழ்நாள் துறையையே வகுத்துத் தரக்கூடும் என்பதற்கு இது சான்று.

சென்னைக்குத் தெற்கேயும் வடக்கேயும் உள்ள மீனவர் குப்பங்களின் இளைஞர்கள் பலரும் இப்பணியில் ஈடுபட்டுள்ளனர். கடலையும் கரையையும் பிறந்தது முதல் அறிந்தவர்கள் அவர்கள். ஓர் ஆமை எங்கே ஏறும், எந்தக் காற்றில் ஏறும் என்பதை நூல்கள் கற்பிக்கும் முன்பே அவர்கள் கற்றிருந்தனர்.

மண்ணுக்குள் ஒரு தொட்டில்

முட்டைகளை இட்ட இடத்திலேயே விட்டுவிடுவது சிறந்தது. இயற்கையான கரையில் அதுவே நெறி. ஆனால் சென்னைக் கடற்கரை இன்று இயற்கையான கரையாக இல்லை. நாய்கள் தோண்டுகின்றன, ஆயிரக்கணக்கானோர் மிதித்து நடக்கின்றனர், கரை அரிப்பால் அலைகள் முட்டைக்குழியை எட்டிவிடுகின்றன. ஆகவே முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பகத்துக்கு மாற்றுகின்றனர்.

இப்பணிக்கு அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். முட்டைக்குள் உருவாகும் கரு, சில மணி நேரத்தில் ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளத் தொடங்குகிறது. அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடக்கூடும். எனவே இட்ட சில மணி நேரத்துக்குள், குலுக்காமலும் உருட்டாமலும் முட்டைகளை எடுத்துச் செல்ல வேண்டும். அவற்றை ஈர மணலோடு துணிப்பையில் வைத்துச் சுமக்கின்றனர். குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, பொரிப்பகத்திலும் அதே அளவில் குடுவை வடிவக் குழி தோண்டுகின்றனர். தாய் தோண்டியதற்கு நிகராகத் தோண்டப் பழகுவதற்கே ஒரு மாணவருக்குப் பல இரவுகள் ஆகும். பின்னர் நாள், இடம், முட்டைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுகின்றனர். ஆண்டுகள் பல கடந்தபின் ஆய்வாளர்க்குப் பயன்படுவது இக்குறிப்பேடே.

ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் முட்டைகள் பொரிகின்றன. அத்தனை நாள்களும் பொரிப்பகத்துக்கு இரவுபகல் காவல் தேவைப்படுகிறது.

தெரியுமா?

கடலாமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பநிலையே தீர்மானிக்கிறது. வெப்பம் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்டால் பெண்குஞ்சுகளும், அதற்குக் குறைந்தால் ஆண்குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கின்றன. புவி வெப்பமாதலால் கரைமணல் சூடேறுவது கடலாமை இனத்தின் ஆண், பெண் விகிதத்தையே மாற்றிவிடக்கூடும். சில பொரிப்பகங்களில் குழிகளின்மேல் நிழற்பந்தல் அமைப்பது இதனால்தான்.

இந்தியக் கடற்பகுதியில் பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என ஐந்து வகைக் கடலாமைகள் காணப்படுகின்றன. இவை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. இவற்றைக் கொல்வதும் முட்டைகளை எடுப்பதும் குற்றமாகும். பொரிப்பகப் பணியும் வனத்துறையின் இசைவோடு மட்டுமே நடைபெறும்.

ஒளி என்னும் இடர்

ஒரு மாலை நேரம். பொரிப்பகத்தின் ஒரு குழியில் மணல் மெல்லச் சரிந்து குழிகிறது. சற்று நேரத்தில் ஒரு சிறு தலை, பின்னர் ஒரு துடுப்பு, பின்னர் பத்து, இருபது, ஐம்பது என்று குஞ்சுகள் மணலிலிருந்து பொங்கி வருகின்றன. ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும். சிறுமியின் மூன்றாம் வினா இங்கே எழுகிறது. அவற்றை அள்ளிக் கடலில் விட்டால் என்ன?

மாணவர்கள் அவ்வாறு செய்வதில்லை. அலையிலிருந்து சில மீட்டர் தள்ளி ஈர மணலில் குஞ்சுகளை விடுகின்றனர். குஞ்சுகள் தாமே தவழ்ந்து கடலைச் சேர்கின்றன. மணலில் தவழும் அந்நேரத்தில், பிறந்த கரையின் அடையாளங்களைக் குஞ்சு தன்னுள் பதித்துக்கொள்வதாகவும், வளர்ந்த பெண் ஆமை பிறந்த கரைப்பகுதிக்கே மீண்டும் வருவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம் எனவும் ஆய்வாளர் கருதுகின்றனர். கையால் கடலில் விடும் அவசர அன்பு, குஞ்சுக்குத் தேவையான ஒன்றை அதனிடமிருந்து பறித்துவிடக்கூடும்.

குஞ்சுக்குக் கடல் எங்கே என்று யார் சொல்வது? இருண்ட இரவில், வானொளியைத் திருப்பி அனுப்பும் கடற்பரப்பு நிலத்தைவிட வெளிச்சமாகத் தெரியும். குஞ்சு அவ்வெளிச்சத்தை நோக்கித் தவழும். மனிதர் மின்விளக்கை ஏற்றும் வரை இவ்விதி பிழைக்கவில்லை. இன்று கரையோரச் சாலைகளும் அடுக்ககங்களும் உணவகங்களும் கடலைவிட ஒளிர்கின்றன. காப்பாரில்லாத இடத்தில் பொரிந்த குஞ்சுகள் கடலென்று எண்ணிச் சாலையை நோக்கிச் செல்கின்றன, வாகனங்களில் நசுங்குகின்றன, விடிந்தபின் வெயிலில் காய்ந்து இறக்கின்றன.

இங்கே ஒருவரும் ஆமையைக் கொல்ல நினைக்கவில்லை. வெளிச்சம் வேண்டும் என்று மட்டுமே நினைத்தனர். கடலுக்கு நேரும் கேடுகளுட் பல இத்தகையனவே. பகையால் அன்றிக் கவனமின்மையால் நேர்பவை. அதனால்தான் மாணவர்கள் பகலிலும் ஒரு பணியை மேற்கொள்கின்றனர். கரையோரக் குடியிருப்புகளுக்குச் சென்று, முட்டைபொரியும் திங்கள்களில் கடல் நோக்கிய விளக்குகளை அணைக்குமாறோ மறைக்குமாறோ வேண்டுகின்றனர். நள்ளிரவில் நடப்பதைவிட இது கடினம். ஆமை மறுத்துப் பேசாது, மனிதர் மறுப்பர். மறுத்தவர் வீட்டுக் கதவை அடுத்த ஆண்டும் தட்டுவதற்குப் பொறுமை வேண்டும்.

ஒரு கசப்பான கணக்கு

இனி நான்காம் வினா. கரையில் ஒதுங்கிய அந்தப் பெரிய ஆமை எப்படி இறந்தது?

கடலைச் சேரும் குஞ்சுகளுள் மிகப் பெரும்பாலானவை வளர்வதற்குள் மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன. ஆயிரத்தில் ஒன்றே வளர்ந்த ஆமையாகும் என்று பொதுவாக மதிப்பிடுவர். ஒரு முட்டைக்குழியில் நூறு முட்டைகள் எனக் கொண்டு, அவை அனைத்தும் பொரிந்தாலும், பத்துக் குழிகளைக் காத்தால்தான் ஒரு வளர்ந்த ஆமை கிடைக்கும். இது துல்லியமான கணக்கன்று. நிலைமையின் அளவை உணர்த்தும் கணக்கு.

இக்கணக்கை மறுபுறமிருந்து பாருங்கள். கரையில் கிடந்த அந்த ஓர் ஆமை, மாணவர்கள் காத்த பத்துக் குழிகளுக்கு நிகர். 2025ஆம் ஆண்டு சனவரியில் மட்டும் சென்னையையும் அதனை அடுத்த கரைகளையும் சேர்த்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. அவ்விழப்பை ஈடுசெய்யப் பத்தாயிரம் குழிகளின் குஞ்சுகள் வேண்டும். பொரிப்பகத்தில் எத்தனை கவனமாகக் காவல் இருந்தாலும், வளர்ந்த ஆமைகள் கடலில் இறந்துகொண்டிருந்தால் அக்காவல் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகவே முடியும்.

கடலை விரும்பும் இளைஞர் எவரும் ஒருநாள் இக்கணக்கை எதிர்கொண்டாக வேண்டும். மனம் சோர்ந்து விலகுவது ஒரு வழி. கரையில் நின்ற காவலைக் கடலுக்குள்ளும் கொண்டுசெல்வது எவ்வாறு என்று கற்பது மற்றொரு வழி.

வலையும் வாழ்வும்

பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலத்தில் கரையை ஒட்டிய கடலில் கூடுகின்றன. அதே கடற்பகுதியில் விசைப்படகுகள் இழுவை மடியைக் கடலடியில் இழுத்துச் சென்றால், மீனோடும் இறாலோடும் ஆமையும் சிக்குகிறது. நுரையீரலால் மூச்சுவிடும் ஆமை நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். வலைக்குள் சிக்கித் திமிறும்போது உடலிலுள்ள உயிர்வளி விரைவில் தீர்ந்துவிடுகிறது. நீந்தப் பிறந்த உயிரி நீரில் மூழ்கி இறக்கிறது. காயமின்றிக் கிடந்த உடலின் கதை பெரும்பாலும் இதுவே.

இதற்குத் தீர்வுகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983இன்படி கரையிலிருந்து 5 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 9 கி.மீ. தொலைவுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. மேலும், இழுவை மடியில் பொருத்தத்தக்க ‘ஆமை விலக்குக் கருவி’ ஒன்றும் உண்டு. மடியின் குறுக்கே சாய்வாக அமைந்த கம்பிச் சட்டகம் அது. மீனும் இறாலும் கம்பிகளின் இடைவெளியில் நுழைந்து மடியின் கடைப்பகுதியை அடையும். உடல் பெரிய ஆமையோ சட்டகத்தில் மோதி, அதனருகே உள்ள திறப்பின் வழியே வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கேற்ப இக்கருவியை வடிவமைத்துள்ளது.

கருவி இருந்தும் அதன் பயன்பாடு ஏன் பரவவில்லை? திறப்பு வழியே மீனும் தப்பிவிடும் என்று மீனவர் அஞ்சுகின்றனர். எரிபொருள் விலையும் கடனும் நெருக்கும்போது, ஒரு கூடை மீனை இழப்பதும் அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அவ்வச்சத்தைப் பழித்துப் பயனில்லை. கருவியால் இழப்பு எவ்வளவு குறைவு என்பதை அவர்கள் படகிலேயே செய்து காட்ட வேண்டும்.

மற்றொன்றையும் நோக்க வேண்டும். கரையை ஒட்டிய கடலை நம்பி வாழ்பவர்கள் கட்டுமரத்திலும் சிறு நாரிழைப் படகிலும் செல்லும் மீனவர்கள். விசைப்படகு கரையருகே வந்தால் அவர்கள் வலை அறுபடுகிறது. அவர்களுக்குரிய மீன் குறைகிறது. ஆமைகளைக் காக்கும் அந்த 5 கடல் மைல் எல்லையே சிறுமீனவரின் வாழ்வையும் காக்கிறது. ஆமையா, மீனவரா என்று எதிரெதிராக நிறுத்திக் கேட்பது பிழையான வினா. கடலைக் காக்கப் புறப்படும் மாணவர், கடலோடு வாழும் மக்களிடம் கேட்டுக் கற்றால்தான் இது விளங்கும்.

திரும்பி வரும் நாள்

ஆமை நடையில் செல்லும் மாணவருக்கு உடனடிப் பரிசு எதுவும் இல்லை. பல இரவுகளில் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். கையில் ஏந்திய குஞ்சு பிழைத்ததா என்பதை அவர் ஒருபோதும் அறியப்போவதில்லை. அலைகடல் அதனை வாங்கிக்கொள்கிறது, விடை சொல்வதில்லை.

ஆயினும் அந்நடை வீணன்று. குழியைக் காக்கப் பழகியவர் கருவின் இயல்பைக் கற்றார். குஞ்சைக் காக்கப் பழகியவர் ஒளியின் கேட்டை உணர்ந்தார். இறந்த ஆமையைக் கண்டவர் வலையையும் சட்டத்தையும் மீனவர் வாழ்வையும் கற்க முனைந்தார். ஆமையைக் காணும் ஆவலில் தொடங்கியது, கேள்விகளால் வளர்ந்து அறிவாகிறது. அவ்வறிவு மாணவரை மீண்டும் கரைக்கே அழைத்து வருகிறது. காவலை விடாமல் நடத்தல் என்பது இதுதான்.

கடலில் சேர்ந்த பெண்குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். நீங்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டில் சென்னைக் கரையிலிருந்து கடலுள் சென்ற ஒரு பார்ப்பு, நீங்கள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் இவ்வாண்டிலோ அடுத்து வரும் ஆண்டுகளிலோ தாயாகக் கரையேறக்கூடும். அன்று அதனைக் காத்த மாணவர் இன்று வேறெங்கோ பணியில் இருப்பார். ஆமை வரும்போது கரை இருளாக இருக்க வேண்டும். கடல் வலையின்றி இருக்க வேண்டும். முட்டைக்குக் காவல் இருக்க வேண்டும். அதற்கு இப்போது இளமையோடு இருப்பவர்கள் நீங்கள்.

சொற்பொருள்

பார்ப்பு – இளங்குஞ்சு. சூல் – கரு. ஓதம் – கடல்நீர் ஏற்றம். கானல் – கடற்கரைச் சோலை. உயிர்வளி – மூச்சுக்காற்றில் உயிர்வாழத் தேவையான வளி.

இலக்கணக் குறிப்பு

அலைகடல் – வினைத்தொகை
பெருங்கடல் – பண்புத்தொகை
இரவுபகல் – உம்மைத்தொகை
நடத்தல் – தொழிற்பெயர்

புணர்ச்சி விதி

பெருங்கடல் = பெருமை + கடல்
‘ஈறுபோதல்’ – பெரு + கடல்
‘இனமிகல்’ – பெருங்கடல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள கடல், ஏரி, ஆறு ஆகியவற்றுள் ஒன்றில் வாழும் ஓர் உயிரியைத் தேர்ந்து, ஒரு திங்கள் உற்றுநோக்கி, நாள் குறிப்பிட்டுக் குறிப்பேடு உருவாக்குக.
2. ‘ஆமைகளைக் காப்பதும் சிறுமீனவரைக் காப்பதும் ஒன்றே’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

பாடநூல் வினாக்கள்

பலவுள் தெரிக

1. கடலாமை முட்டையிடும் காட்சியைக் கூறும் அகநானூற்றுப் பாடலின் எண்
அ) 60  ஆ) 110  இ) 160  ஈ) 260

2. கடலாமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது
அ) நிலவொளி  ஆ) மணலின் வெப்பநிலை  இ) முட்டையின் அளவு  ஈ) அலையின் வேகம்

குறுவினா

1. கடலாமையின் கண்களில் நீர் வழிவதற்குக் காரணம் யாது?
2. ஆமைக்குஞ்சைக் குறிக்கும் மரபுப்பெயர்கள் யாவை?

சிறுவினா

1. முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றும்போது கவனிக்க வேண்டியவற்றைத் தொகுத்து எழுதுக.
2. மின்விளக்குகள் ஆமைக்குஞ்சுகளுக்கு எவ்வாறு இடராகின்றன?

நெடுவினா

‘ஆர்வம் கேள்விகளால் வளர்ந்து அறிவாகிறது’ – பாடத்தில் இடம்பெறும் சிறுமியின் நான்கு வினாக்களைக் கொண்டு இக்கூற்றை விளக்குக.